கண்காணிப்பில் உள்ள கூரை

பஸ்ஸில் முப்பத்தொரு பேர். இருபத்தெட்டு பேருக்கு முழங்கால் வலி. மீதி மூன்று பேர் டிரைவர், டூர் மேனேஜர், மகள்.

நான்கு நாள், பதினொரு புராதனக் கோயில்கள் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. டூர் மேனேஜர் கோயில்களைக் காட்டவில்லை, தீர்த்தார். மஞ்சள் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடுவார். ஆயிரத்து இருநூறு வருஷம் பழசு என்பார். இருபது நிமிஷம் என்று கையைத் தட்டுவார். அதில் பன்னிரண்டு நிமிஷம் கழிப்பறை வரிசையில் போகும். மீதி எட்டில் எல்லோரும் ஏதாவது ஒரு தூணில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். எந்தத் தூண் எந்தக் கோயிலில் என்று இரண்டாம் நாளே சண்டை வந்துவிட்டது.

மகளுக்கு நாற்பத்துமூன்று வயது. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. இது தெளிவா, அது தெளிவா என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பவள். விண்ணப்பத்தாளில், மூத்தவர்கள் துணையுடன் வரவும் என்று ஒரு வரி இருந்தது. அதை மதித்துத் துணையோடு வந்தது அவளுடைய அம்மாவும் அப்பாவும் மட்டும்தான். ஆகவே அவள் பஸ் முழுமைக்கும் துணையானாள். மாத்திரை அட்டையில் பொடி எழுத்தைப் படித்துச் சொல்வது, போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது, செருப்பு ஜோடி மாறிப் போனவர்களைச் சேர்த்து வைப்பது. மாமியார் வாய்க்காத குறை அவளுக்கு ஒரே நாளில் தீர்ந்தது. பதினாறு பேர் கிடைத்தார்கள்.

அப்பா நகராட்சியில் கட்டடப் பாதுகாப்பு ஆய்வாளராக முப்பத்துமூன்று வருஷம் இருந்தவர். வேலை எளிமையானது. சுவரில் விரிசல் கண்டால் அதன் குறுக்கே ஒரு காகிதச் சீட்டை ஒட்டுவார். தேதி, நேரம், கையெழுத்து போடுவார். மேலே 'கண்காணிப்பில் உள்ளது' என்று முத்திரை குத்துவார். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்ப்பார். சீட்டு கிழிந்திருந்தால் விரிசல் வளர்கிறது என்று அர்த்தம். ஆபத்து, காலி செய்யவும் என்று அறிக்கை எழுதுவார். யாரும் காலி செய்ததில்லை. சீட்டின் மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். ஆணி அடித்துத் துணி காயப் போட்டார்கள். ஒரு வீட்டில் அதில் பால்காரர் கணக்கு எழுதியிருந்தது. அவர் ஆபத்து என்று எழுதிய கட்டடம் ஒன்றுகூட விழவில்லை. விழுந்தது ஒன்றே ஒன்று. அவர் உறுதியாக உள்ளது என்று எழுதிய ஆபீஸ் சைக்கிள் கொட்டகை.

ஓய்வு பெற்ற நாளில் மேசை, நாற்காலி, அளவு நாடா, டார்ச் எல்லாவற்றையும் ஒப்படைத்தார். முத்திரையை ஒப்படைக்க மறந்துவிட்டார். நாலு நாள் யோசித்து மறந்தது அது. நாடாவுக்குப் பதில் சொந்தமாக ஒன்று வாங்கிக்கொண்டார்.

முதல் கோயிலில் இறங்கிய பதினைந்தாவது நிமிஷம் மதில் சுவரில் சீட்டு ஒட்டினார். இரண்டாவதில் இரண்டு. ஓட்டல் அறையில் குளியலறைக்கு மேலே ஒன்று. சட்டைப் பையில் வெட்டிய சீட்டுகளும் பசைக் குச்சியும் எப்போதும் இருந்தன. பஸ்ஸில் அவருக்கு விரிசல் சார் என்று பெயர் வைத்தார்கள். வைத்தது பல் டாக்டர். பின் வரிசையில் உட்கார்ந்து யாரையாவது பிடுங்கிக்கொண்டே வருகிறவர்.

"நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான் சார். விரிசல் இருக்குன்னு நான் சொன்னா ஜனங்க வாயத் தொறக்கறாங்க. நீங்க சொன்னா மூடிக்கறாங்க."

அப்பா சிரிக்கவில்லை. பல் டாக்டரின் ஜன்னல் கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தது. அதில் சீட்டு ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அம்மாவுக்கு இந்தப் பயணத்தில் பத்துக் கோயில்கள் தேவையில்லை. அவள் வந்தது பதினோராவதற்கு. அதன் உள்மண்டபத்துக் கூரையைப் பார்க்க.

அம்மா சரித்திர டீச்சர். இருபத்தெட்டு வருஷம் எட்டாம் வகுப்பு. ஆறாவது பாடத்தில் அந்தக் கூரை வரும். ஒரே கல்லில் செதுக்கிய பெரிய வட்டம்; வட்டத்தில் கைகோத்து ஆடும் ஐம்பத்திரண்டு உருவங்கள். வருஷா வருஷம் அதை நடத்தினாள். மகளும் அந்த வகுப்பில் உட்கார்ந்து கேட்டவள்தான். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், உள்ளே கல் ஜில்லென்றிருக்கும், வௌவால் வாடை அடிக்கும் என்று அம்மா சொல்லும்போது பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

இரண்டாம் நாள் சாயங்காலம், ஓட்டல் அறையில் அப்பா குளித்துக்கொண்டிருந்தபோது, அம்மா காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் அந்தக் கூரையப் பாத்ததில்ல."

மகள் துணி மடிப்பதை நிறுத்தினாள்.

"நீதானே வகுப்புல சொன்ன. கல்யாணத்துக்கு முன்னாடி போனேன்னு."

வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருஷம், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, டீச்சர் நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா என்று கேட்டாளாம். இல்லை என்று சொல்ல வாய் எடுத்தாளாம். பாத்திருக்கேன் என்று வந்துவிட்டதாம். வந்ததை எப்படித் திரும்ப விழுங்குவது? அடுத்த வருஷம் கழுத்து வலி சேர்ந்தது. அதற்கடுத்த வருஷம் ஜில்லென்ற கல். வௌவால் வந்து சேர ஆறு வருஷம் ஆயிற்று. ஓய்வு பெறுகிற வருஷத்தில் அவள் அங்கே இரண்டு தடவை போயிருந்தாள்.

"எத்தன பிள்ளைங்க. கணக்குப் போட்டா ரெண்டாயிரத்துக்கு மேல வருது. அத்தன பேர்கிட்ட பொய் சொல்லிருக்கேன். ஒரு தடவ பாத்துட்டா, சரி, முன்னாடி சொன்னாலும் பின்னாடி பாத்தாச்சுன்னு ஆயிடும். இந்த முழங்காலோட இன்னொரு தடவ வர முடியாது."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவருக்கு அப்படி ஒரு கூரை இருக்கறதே தெரியாது. கீழ விழுந்தாத்தான் அவருக்குக் கூரை."

இதோடு போயிருக்கலாம். ஆனால் டூர் மேனேஜருக்கு அந்தப் பழைய வகுப்புக் கதை எங்கிருந்தோ காதில் விழுந்து, டீச்சர் ஏற்கெனவே பார்த்தவர், கடைசிக் கோயிலை அவரே விளக்குவார் என்று மறுநாள் மைக்கில் அறிவித்துவிட்டார். பஸ்ஸே கைதட்டியது. அம்மா எழுந்து நின்று கும்பிட்டாள். உட்காரும்போது மகளின் மணிக்கட்டைப் பிடித்தவள் அடுத்த ஊர் வரும்வரை விடவில்லை.

மூன்றாம் நாள் மாலை பதினோராவது கோயிலுக்கு வந்து சேர்ந்தார்கள். உள்மண்டபம் பூட்டியிருந்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்குத்தான் திறப்பு. வெளிப் பிராகாரத்தை மட்டும் சுற்றிப் பார்த்தார்கள். அம்மா பூட்டிய கதவின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். அப்பாவும் நின்றார். அம்மா கதவைப் பார்த்தாள். அப்பா கதவுக்கு மேலே கிடந்த கல் உத்தரத்தைப் பார்த்தார். அதில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு கோடு ஓடியது. ஆளில்லாமல் கிடந்த காவலாளியின் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். சீட்டை ஒட்டினார், கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தினார்.

காலையில் மண்டப வாசலின் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. உள்ளே அனுமதி இல்லை. உத்தரத்தில் சீட்டு இரண்டாகக் கிழிந்து தொங்கியது.

டூர் மேனேஜர் கொடியைச் சுருட்டிக்கொண்டு ஓடினார். கோயிலுக்குப் பொறுப்பான அதிகாரி தன் அறைக்கு வெளியே நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். எந்தத் துறை ஒட்டியது என்று தெரியவில்லையாம். தெரிந்த துறை என்றால் சண்டை போட்டாவது எடுக்கலாம், தெரியாத துறையின் சீட்டை எடுத்துவிட்டு நாளைக்கு எவன் வந்து கேட்பான் என்று யாருக்குத் தெரியும் என்றார். அதுவும் கிழிந்திருக்கிறது. கிழிந்தால் ஆபத்து என்று சீட்டின் அடியிலேயே எழுதியிருக்கிறது. ஒட்டியவர் வந்து எழுதிக் கொடுக்காமல் கதவைத் திறக்க முடியாது.

மகள் அப்பாவைத் தேடினாள். அவர் கயிற்றுக்கு முன்னால் நின்றிருந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அப்படி எதையும் பார்த்து அவள் கண்டதில்லை. அவள் பிறந்தபோது எடுத்த போட்டோவில்கூட அவர் பார்வை ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்தது.

"கட்டிட்டாங்க பாத்தியா," என்றார்.

முப்பத்துமூன்று வருஷத்தில் அவருடைய சீட்டை நம்பி ஒருவர் ஒரு கயிறு கட்டியதில்லை. இன்றைக்குக் கட்டிவிட்டார்கள். நாலு முடிச்சுப் போட்டு.

மகள் காவலாளியின் ஸ்டூலில் ஏறி உத்தரத்தைத் தடவிப் பார்த்தாள். கோடு ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் நேராக இருந்தது. நகத்தால் உரசினாள். எங்கும் ஒரே ஆழம். சிற்பி அளவுக்காக உளியால் இழுத்த கோடு. விரிசல் நேராக ஓடாது என்பது அப்பா அவளுக்குப் பத்து வயதில் சொல்லிக்கொடுத்தது. அவர் வலது கண்ணில் புரை இருப்பது அவள் அவருக்கு இரண்டு வருஷமாகச் சொல்லி வருவது.

இறங்கும்போது ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த காவலாளி குரலைத் தாழ்த்தினார். சீட்டு தானாகக் கிழியவில்லை. விடிகாலையில் வந்தவர், எவனோ விளம்பர நோட்டீஸ் ஒட்டியிருக்கிறான் என்று பிய்த்திருக்கிறார். பாதி கையோடு வந்த பிறகுதான் முத்திரை கண்ணில் பட்டிருக்கிறது. பயந்துபோய், கிழிந்து கிடக்கிறது என்று அவரே ஓடிப்போய்ச் சொல்லிவிட்டார்.

"அத அதிகாரிகிட்ட சொல்லிடுங்களேன்."

"அரசாங்க முத்திரையக் கிழிச்சவன்னு எழுதிருவாங்கம்மா. எனக்கு இன்னும் பதினோரு மாசம்தான் சர்வீஸ். கல்லு அது பாட்டுக்குக் கிழிச்சதாவே இருக்கட்டும்."

அவள் அப்பாவிடம் போனாள். அது விரிசல் இல்லை, உளிக்கோடு என்றாள். தொட்டுப் பாருங்கள் என்றாள்.

"நீ கண்ணாடி விக்கறவ," என்றார் அப்பா.

"அதனாலதான் சொல்றேன். உங்க வலது கண்ணுக்கு அது விரிசலா தெரியுது."

"சீட்டு கிழிஞ்சிருக்கு. சீட்டுக்கும் புரையா?"

காவலாளி தூரத்திலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு மாசம். அவள் வாயை மூடிக்கொண்டாள். குடும்பத்தில் ஒருவர் பொய்யை இன்னொருவர் சுமப்பது சகஜம். இப்போது காவலாளியும் சேர்ந்துவிட்டார்.

அப்பா நேராக அதிகாரியிடம் போய், ஒட்டியது நான்தான் என்றார். ஓய்வு பெற்றவன் என்று சொல்லவில்லை. எந்த ஊர் நகராட்சி என்றும் சொல்லவில்லை. அதிகாரி கேட்கவில்லை. கயிற்றுக்கு ஒரு சொந்தக்காரர் கிடைத்ததே போதும் என்றிருந்தது அவருக்கு. நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார், சார் என்றார். முறையாகப் பரிசோதித்து அறிக்கை கொடுத்துவிட்டால் மேற்கொண்டு பார்க்கலாம் என்றார்.

வெளியே பஸ்காரர்கள் மதில் நிழலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பல் டாக்டர் எழுந்து வந்தார்.

"சார், சொந்த வண்டிக்கு நாமளே பஞ்சர் போட்ட மாதிரி இருக்கே. மூணு நாள் பஸ்ல குலுங்கினது இந்த ஒண்ணுக்காகத்தான்."

அதிகாரமுள்ளவர்கள் வழியில் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்வதில்லை.

பிறகு அம்மா வந்தாள். கெஞ்சவில்லை. வகுப்புக்குள் நுழைகிறவள் மாதிரி வந்து நின்றாள்.

"நான் உள்ள போகணும்."

"ஆபத்து," என்றார் அப்பா.

"நம்ம வீட்டுச் சுவத்துல எத்தன சீட்டு ஒட்டிருக்கீங்கன்னு தெரியுமா? பத்தொம்பது. சமையல்கட்டுல மட்டும் ஏழு. அதுக்குக் கீழதான் நாப்பத்தஞ்சு வருஷமா சமைக்கறேன். விழுந்துச்சா?"

"இன்னும் விழல."

"இதுவும் இன்னும் விழல. கயிற அவுக்கச் சொல்லுங்க. பழக்கதோஷத்துல ஒட்டினேன், நான் ரிட்டயர் ஆனவன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. போதும்."

அப்பா கயிற்றைப் பார்த்தார். அதிகாரி அறை வாசலிலிருந்து இரண்டாவது டீ வருவதைப் பார்த்தார். அந்த ஒரு வார்த்தை அவர் தொண்டை வரைக்கும் வந்ததை மகள் பார்த்தாள். டீ வந்தது. வார்த்தை டீயோடு கீழே போய்விட்டது.

"பரிசோதனைன்னா ஒரு ஆள் நாடாவோட அந்த முனையப் பிடிக்கணும்," என்றார் மகளைப் பார்த்து. "நீ வா."

தாம் இறங்கி வர முடியாது, வேறு யாராவது ஏணி வைத்தால் பார்க்கலாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். மகளுக்குப் புரிந்தது.

"எனக்குப் பயமா இருக்கு," என்றாள். "அம்மாவக் கூட்டிட்டுப் போங்க."

எழுபது வயது சரித்திர டீச்சர் கட்டடப் பரிசோதனை உதவியாளர் ஆனாள். காவலாளி கதவைத் திறந்து கயிற்றைத் தூக்கிப் பிடிக்க இருவரும் குனிந்து நுழைந்தார்கள். அம்மாவின் முழங்கால் நொடித்தது. நிற்கவில்லை.

மகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். உள்ளே மங்கலான வெளிச்சம். அவளுக்குத் தரையும் எதிர்ச் சுவரும்தான் தெரிந்தன. கூரை தெரியவில்லை. அப்பா நாடாவின் ஒரு முனையை அம்மா கையில் கொடுத்து, அந்த மூலைக்குப் போ என்றார். அம்மா நடந்தாள். மண்டபத்தின் நடுவில் ஒரு கணம் நின்றாள். பிறகு மூலைக்குப் போய் நாடாவைச் சுவரில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்தாள்.

அவள் உதடுகள் அசைந்தன.

அப்பா இந்த முனையில் குனிந்து எண்ணைப் படித்து நோட்டில் எழுதினார். முடிந்தது, வா என்றார்.

"தப்பா அளந்திருக்கீங்க," என்றாள் அம்மா, தலையை இறக்காமல். "நாடா தொய்ஞ்சுபோச்சு. மறுபடி அளங்க."

மறுபடி அளந்தார். அம்மா அடுத்த மூலைக்குப் போனாள். அங்கிருந்தும் அண்ணாந்து பார்த்தாள். குறுக்கே அளக்க வேண்டாமா என்று கேட்டாள். அப்பா குறுக்கே அளந்தார். நாற்பது நிமிஷம். கல்யாணம் ஆனதிலிருந்து அம்மா அவர் வேலையில் இவ்வளவு அக்கறை காட்டியதில்லை. அவருக்கு முகம் மலர்ந்திருந்தது. அந்த நாற்பது நிமிஷத்தில் அவர் ஒரு தடவைகூட மேலே பார்க்கவில்லை. அவர் சந்தேகம் கதவு உத்தரத்தின் மேல். கூரை இன்னும் சந்தேகப் பட்டியலில் வரவில்லை.

வெளியே வந்ததும் அம்மா குழாயடிக்குப் போய் முகம் கழுவினாள். மகள் துண்டை நீட்டினாள்.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்." முகத்தைத் துடைக்காமல் நின்றாள். கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். "கழுத்து வலி நெசம்தான்."

"அப்புறம் என்ன?"

"நாப்பத்தொம்பது."

"என்ன நாப்பத்தொம்பது?"

"அம்பத்திரண்டு இல்லடி. நாப்பத்தொம்பதுதான் இருக்கு. மூக்கு உடைஞ்சவ ஒருத்தி இருக்கா. அவகிட்ட ஆரம்பிச்சு அவகிட்டயே வந்து முடிச்சேன். மூணு தடவ."

"மூணு உடைஞ்சு விழுந்திருக்குமோ?"

"எடமே இல்ல. ஒருத்தர் தோள்ல ஒருத்தர் கை. சுத்தி வந்து கை கோத்தாச்சு. நடுவுல விரல் நொழைய எடமில்ல." கொஞ்சம் யோசித்தாள். "புத்தகம் எழுதினவனும் பாக்கல."

அம்மாவின் முகத்தில் இருந்தது துக்கமா சிரிப்பா என்று மகளால் சொல்ல முடியவில்லை. கேட்டால் சொல்லிவிடலாம் என்றாள் அம்மா. பஸ்ஸில் கேட்பார்கள், நாற்பத்தொன்பது என்று உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றாள். அதோடு மற்றதையும் சொல்லிவிடுவாளாம். இதற்கு முன் பார்த்ததில்லை, இன்றைக்குத்தான் முதல் தடவை என்று. சொல்லிப் பார்க்கிறவள் மாதிரி அதை இரண்டு தடவை மெல்லச் சொன்னாள்.

அங்கே அப்பா அறிக்கை எழுதி முடித்திருந்தார். ஆபத்து என்று எழுதவில்லை, மனசாட்சி உள்ளவர். ஆபத்தில்லை என்றும் எழுதவில்லை. சைக்கிள் கொட்டகை ஞாபகம் இருந்தது. 'தொடர் கண்காணிப்பு தேவை' என்று எழுதி, கிழிந்த சீட்டுக்குப் பக்கத்தில் புதுச் சீட்டு ஒன்றும் ஒட்டினார். அதிகாரி கும்பிட்டார். கயிறு அப்படியே இருந்தது. ஒரு முடிச்சு கூடியிருந்தது.

பஸ் கிளம்பியபோது உள்ளே இருந்தது மௌனம் இல்லை, முறைப்பு. இருபத்தாறு பேர் அப்பாவின் முதுகைப் பார்த்தார்கள். மூன்றாவது வரிசைப் பாட்டி ஒருத்தி, நாலு நாள் சோறு தண்ணி பார்க்காமல் வந்தோமே என்று யாருக்கும் சொல்லாமல் எல்லோருக்கும் சொன்னாள். பல் டாக்டர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"நல்ல பரிசோதனை சார். ஊருக்கெல்லாம் ஆபத்து, வீட்டுக்காரம்மாவுக்கு மட்டும் தரிசனம்."

டூர் மேனேஜர் சமாதானத்துக்கு வழி தேடினார். பார்த்தவர் ஒருவராவது இருக்கிறாரே என்று மைக்கைக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா எழுந்தாள். முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"சொல்லுங்க டீச்சர்," என்றார் பல் டாக்டர். "அம்பத்திரண்டும் இருக்கா?"

அம்மா மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"இல்ல. நாப்பத்தொம்பதுதான் இருக்கு."

சொல்லிவிட்டாள். மகள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். மற்றதைச் சொல்ல அம்மா மூச்சை இழுத்தாள்.

"நாப்பத்தொம்பதா?" என்றார் அப்பா. இருக்கையிலிருந்து எழுந்துவிட்டார். "அப்ப மூணு விழுந்துடுச்சு."

பஸ் முழுக்கத் தலைகள் அவர் பக்கம் திரும்பின.

"நான் சொன்னேன். யாரும் கேக்கல. உத்தரத்துல விரிசல் வந்தா அடுத்தது கூரை. ஒரே கல்லு அது. மூணு போச்சுன்னா மீதி எந்த நிமிஷமும் வரும். நீங்க இருபத்தாறு பேரும் கீழ நின்னு படம் புடிச்சிட்டு இருந்திருப்பீங்க."

பல் டாக்டர் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். யாரோ கடவுளே என்றார்கள்.

"விழுந்திருந்தா கீழ கிடக்கணுமேப்பா," என்றாள் மகள். "ஒரு துண்டுகூட இல்லையே."

"பெருக்கியிருப்பாங்க. ஆதாரத்தைப் பெருக்கித் தள்றதுக்குத்தான் எல்லா எடத்துலயும் ஆள் போட்டிருக்கு." அம்மாவிடம் திரும்பினார். முகமெல்லாம் வியர்வை. முப்பத்துமூன்று வருஷத்து வியர்வை. "நீ சொல்லு. நீதான மொதல்லயும் பாத்தவ. அப்ப எத்தன இருந்துச்சு?"

அம்மா மகளைப் பார்த்தாள். பதில் தெரியாமல் முழிக்கும் பிள்ளைகளை இருபத்தெட்டு வருஷம் பார்த்தவள் அவள். மகள் தலையை மெல்ல ஆட்டினாள், வேண்டாம் என்று. மைக் அம்மாவின் மூச்சைப் பஸ் முழுக்கக் கேட்கவைத்தது. ஒரு பக்கம் புத்தகம் தப்பு, தான் தப்பு, புருஷன் தப்பு. மறுபக்கம் மூவரும் சரி. மூன்று கல் பொம்மைகள் மட்டும் விழுந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் செலவு.

"அம்பத்திரண்டு இருந்துச்சு," என்றாள் அம்மா. "நல்லா ஞாபகம் இருக்கு."

மூன்றாவது வரிசைப் பாட்டி எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். உயிரைக் காப்பாத்தின மகராசன் என்றாள். பல் டாக்டர், வாய் சும்மா இருக்காது சார், மனசுல வெச்சுக்காதீங்க என்றார். டூர் மேனேஜர் தன் முன் இருக்கையைக் காலி செய்து கொடுத்தார். அப்பா அதில் உட்கார்வதற்கு முன் அதன் கம்பியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார்.

அதிகாரிக்குப் போன் போட்டார்கள். மூன்று உருவங்கள் விழுந்த சேதியைச் சொன்னார்கள். கோயிலையே மூட வேண்டியிருக்கும், நேரில் கண்டவர் வாக்குமூலத்தோடு எழுத்தில் அனுப்புங்கள் என்றார். ஓடுகிற பஸ்ஸில் அப்பாவுக்குக் கை நிற்கவில்லை. நோட்டை மகளிடம் கொடுத்தார்.

"சீட்டு தானா கிழியலப்பா," என்றாள் மகள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "காவலாளி..."

"எழுது," என்றார் அப்பா. அவளை அவர் பார்க்கவில்லை. பஸ்ஸில் எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுதினாள். நேரில் கண்டவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயரைப் போட்டாள். முதல் முறை கண்ட வருஷம் என்ன என்று அப்பா கேட்டார். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே ஒரு வருஷத்தைச் சொன்னாள்.

"மாசம்?"

அம்மா மாசத்தையும் சொன்னாள்.